மடிப்பு டிரெய்லர் ஒழுகுகிறதா? எங்கே என்பதற்கு முன் எப்போது என்று பாருங்கள்

கேள்வி: பழைய மடிப்பு டிரெய்லர் ஒன்று வாங்கினேன். கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், முன்னும் பின்னும் படுக்கைத் தட்டுகள் வெளியே இழுபடும், சுற்றிலும் கித்தான். மூடி வைத்திருந்தபோது நல்ல மழை. திறந்து பார்த்தால் முன்பக்க மெத்தை நனைந்திருக்கிறது. கதவுக்கு அருகில் தரையும் காலை வைத்தால் அமுங்குகிறது. கூரை ஓரம் முழுக்க இரண்டு முறை சிலிக்கான் பூசிவிட்டேன், பயனில்லை. எங்கே தேடுவது, எதை வைத்து அடைப்பது?

பதில்: முதலில் சிலிக்கான் டியூபை மூடி வையுங்கள். அதனால் வரும் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு ஈரமும் ஒரே ஓட்டையிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. அதனால் மெத்தையைத் தனியாகவும் தரையைத் தனியாகவும் பார்ப்போம்.

வீட்டுக் கூரை எப்போதும் ஒரே நிலையில் இருக்கிறது. மடிப்பு டிரெய்லருக்கு மூன்று நிலைகள்: மூடி நிறுத்தியிருப்பது, சாலையில் இழுத்துச் செல்வது, விரித்துத் தங்கியிருப்பது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் வரும் வழி வேறு. சரியாக மூடியிருக்கும்போது கித்தான் மழையில் நனைவதே இல்லை, கூரை ஒன்றுதான் காவல். ஓடும்போது மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. காற்று அதை முன்புறத்திலிருந்து கூரை விளிம்புக்கு அடியில் மேல்நோக்கித் தள்ளும், சக்கரங்கள் கீழிருந்து தரையில் அடிக்கும். விரித்துவிட்டால் கித்தான், தையல், ஜிப், படுக்கைத் தட்டின் விளிம்பு, கதவுச் சட்டம் என்று புதிதாகப் பத்து இடங்கள் சேர்ந்துகொள்ளும். மழையே இல்லாமல் ஈரம் வந்தால் குழாய் வழியைப் பார்க்க வேண்டும், அல்லது உள்ளே தங்கும் நீராவியை. எந்த நிலையில் நனைந்தது என்பது தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

உங்கள் மெத்தை மூடிய நிலையில் நனைந்தது. அப்படியானால் கித்தான் தையலைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். கூரையைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கூரையில் ஏறித் தேடும் முன் ஒரு சின்னச் சோதனை. டிரெய்லரை மூடிவிட்டு, கூரையும் உடலும் சேரும் கோட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேனும், குறிப்பாக மூலைகளில், கித்தானின் ஓரம் ஒரு விரல் அகலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? மடிக்கும் அவசரத்தில் இது சாதாரணமாக நடக்கும். வெளியே மாட்டிக்கொண்ட அந்தத் துண்டு விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மழை நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இரவு முழுக்கத் தூறல் இருந்தால் ஒரு மெத்தையை நனைக்க அது போதும். கூரையில் ஓட்டை இருக்க வேண்டும் என்பதே இல்லை. மடித்தபின் எல்லாப் பக்கமும் கித்தானை உள்ளே தள்ளிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருங்கள். அதோடு தீர்ந்துவிட்டால் நல்லது.

தீரவில்லை என்றால் திறக்கும்போது எது நனைந்திருக்கிறது என்று அடுக்கு அடுக்காகப் பாருங்கள். மூடிய நிலையில் மெத்தைக்கு மேல் கித்தான் மடிப்புகள் கிடக்கும், அதற்கு மேல் கூரையின் உட்பக்கம். கித்தானின் மேல் மடிப்பு நனைந்து அதன் வழியே மெத்தைக்கு ஈரம் இறங்கியிருந்தால் தண்ணீர் கூரையிலிருந்து சொட்டியிருக்கிறது. கித்தான் காய்ந்திருக்க மெத்தையின் ஓரம் மட்டும் நனைந்திருந்தால் கூரைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டையைச் சந்தேகிக்கலாம். மெத்தையின் அடிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால், அது பெரும்பாலும் மழையே அல்ல.

கூரைக்குள் தண்ணீர் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்தால்தான் தேடுவது எளிதாகும். இந்தக் கூரைகள் பெரும்பாலும் மூன்று அடுக்கு: வெளியே அலுமினியத் தகடோ, ரப்பர் விரிப்போ, ஃபைபர் கிளாஸோ, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ; நடுவில் மரச் சட்டமும் ஃபோமும்; உள்ளே மெல்லிய உட்கூரைப் பலகை. கூரையின் நடுவில் இருக்கும் காற்றுத் திறப்பின் ஒரு திருகுத் துளையில் நுழைந்த நீர், அங்கேயே சொட்டாது. மரச் சட்டத்தைத் தொட்டபடி ஊர்ந்து, கூரையின் தாழ்ந்த முனைக்குப் போய், உட்கூரையில் ஓர் ஆணித் துளையோ இணைப்போ கிடைக்கும் இடத்தில்தான் வெளிவரும். உங்கள் டிரெய்லர் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தபடி நிற்கிறதா? அப்படியானால் முன் மெத்தை நனைவது முன் விளிம்பின் குற்றமாக இல்லாமல், கூரையின் நடுப்பகுதிக் குற்றமாகவும் இருக்கலாம். நீங்கள் இரண்டு முறை விளிம்பை மட்டுமே பூசியது பலிக்காததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

சரி, சோதிப்பது எப்படி? எல்லாவற்றையும் காய வைத்த பிறகுதான் சோதனை. ஈரமான கூரையில் சோதித்தால் பழைய நீர் சொட்டுவதைப் புதிய கசிவு என்று எண்ணிவிடுவோம். வெளி மின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியையும் துண்டித்துவிடுங்கள். சாதாரணத் தோட்டக் குழாய் போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது நல்ல இணைப்பையும் பிய்த்துக்கொண்டு உள்ளே புகும், மழை ஒருநாளும் அப்படிப் பெய்யாது.

மற்ற வண்டிகளில் ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, இன்னொருவர் வெளியே நீர் பாய்ச்சுவார். மூடிய மடிப்பு டிரெய்லருக்குள் யாரும் உட்கார முடியாது என்பதுதான் இங்கே சிக்கல். அதனால் சோதனையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் கூரையை உயர்த்தி, முட்டுக் கொடுத்துவிட்டு, கூரையின் மேல் மட்டும் நீர் விடுங்கள். உள்ளே இருப்பவர் உட்கூரையைப் பார்க்கட்டும். நீரைத் தாழ்ந்த பகுதியில் தொடங்கி மேல்நோக்கிக் கொண்டுபோக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் கீழே உள்ள எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஒழுகியது என்று சொல்லவே முடியாது. ஓர் ஓரம், ஒரு திறப்பு, ஒரு இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடமாவது நிறுத்தி நிதானமாக விடுங்கள். கூரைக்குள் நீர் ஊர்ந்து வர நேரமாகும், ஆகவே அடுத்த இடத்துக்குப் போகும் முன்னும் சற்றுப் பொறுங்கள். முன்பக்கம் தாழ்த்தி ஒரு முறை, பின்பக்கம் தாழ்த்தி ஒரு முறை செய்துபார்த்தால், சொட்டும் இடம் மாறுகிறதா என்று தெரியும். மாறினால் ஓட்டை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இந்தச் சோதனையில் ஒன்றும் சொட்டவில்லை என்றால் இரண்டாவது சோதனை. கூரையை இறக்கும் முன் படுக்கைகள் மீதும் உள் விளிம்பு நெடுகவும் காகிதத் துண்டுகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா நல்லது, மை கரைந்தால் எண்ணே தெரியாது. மூடி, கொக்கிகளைப் போட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் நீர் பாய்ச்சித் திறந்து பாருங்கள். எந்த எண் நனைந்ததோ அதுதான் இடம். அப்புறம் அடுத்த பக்கம். வேலை கொஞ்சம் இழுக்கும்தான், ஆனால் ஊகத்தில் பூசுவதைவிடச் சீக்கிரம் முடியும். பழைய கைப்பேசி ஒன்றை ஒளிபுகும் டப்பாவில் போட்டு, விளக்கை எரியவிட்டு, வீடியோ எடுக்கச் சொல்லி உள்ளே வைத்து மூடுவதும் நல்ல தந்திரம்.

ரப்பர் பட்டையைச் சோதிக்க நீர்கூட வேண்டாம். நீளக் காகிதத் துண்டை இடையில் வைத்துக் கூரையை மூடி, கொக்கி போட்டபின் இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வந்தால் பட்டை அழுத்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பட்டை நசுங்கிச் செத்துவிட்டது, அல்லது கொக்கி தளர்ந்திருக்கிறது, அல்லது கூரையே வளைந்திருக்கிறது. கொக்கியை முறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பட்டையை மாற்றுங்கள். சில வண்டிகளில் பட்டையே இருக்காது. கூரையின் ஓரம் உடலின் மேல் சில சென்டிமீட்டர் இறங்கி மூடும், நீர் வெளியே சொட்டிவிடும். அந்த இடைவெளியைக் குறை என்று நினைத்து ஃபோம் ஒட்டினால், நீர் அங்கே தேங்கி உள்ளேதான் வரும். ஜன்னல் சட்டத்தின் அடியிலும் அலுமினியப் பட்டைகளின் கீழ் முனையிலும் உள்ள சிறு வடிதுளைகளும் அப்படியே. அவற்றை அடைக்கக் கூடாது, அழுக்கு எடுத்தால் போதும்.

இனிக் கூரையில் வழக்கமாகக் குற்றவாளியாக இருப்பவை. முதல் இடம் காற்றுத் திறப்புக்கு. அதன் மூடி வெயிலில் நொறுங்கிப்போய், மெல்லிய விரிசல் விட்டிருக்கும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். அதன் விளிம்பைச் சுற்றியுள்ள திருகுகளின் மேல் பூசியிருந்த சீலண்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) காய்ந்து, ஓரத்தில் முடி அளவு பிரிந்திருக்கும். கூரையில் ஏசி இருந்தால், அதன் அடியில் சுமார் 36 சென்டிமீட்டர் சதுரத் துளையைச் சுற்றி ஒரு தடித்த ஃபோம் கேஸ்கெட் இருக்கும். உள்ளிருந்து நான்கு போல்ட்டுகள் அதை அழுத்திப் பிடிக்கின்றன. ஓடும் அதிர்வில் அவை தளரும். நான்கையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள், பலமுறை அதிலேயே தீரும். ரொம்ப இறுக்கினாலும் கேஸ்கெட் நசுங்கி, கூரை குழிந்து, நீர் தேங்க ஆரம்பிக்கும்.

அடுத்தது கூரையின் பக்கவாட்டுப் பட்டைகள். கித்தானைப் பிடிக்கும் பட்டையும், முன்பந்தலின் பை ஓடும் பட்டையும் சில அங்குலத்துக்கு ஒரு திருகு என்று மரச் சட்டத்தில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு திருகும் ஒரு ஓட்டைதான். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பிப் பாருங்கள். பிடிக்காமல் சும்மா சுற்றும் திருகு இருந்தால் அதன் பின்னால் மரம் இற்றுப்போயிருக்கிறது. கழற்றியது துருவேறி மெலிந்து வந்தால் நீர் பல காலமாக அதன் வழியேதான் இறங்கியிருக்கிறது. எந்தத் திருகு எப்படி வந்தது என்று டேப்பில் குறித்து ஒட்டிக்கொண்டே போனால், கூரையின் நோய் வரைபடம் கையில் கிடைத்துவிடும்.

இப்போது சிலிக்கான் விஷயம். சாதாரணச் சிலிக்கான் ரப்பர் விரிப்பிலும் சில பிளாஸ்டிக்குகளிலும் சரியாக ஒட்டாது. ஓரம் பிரிந்து, அந்த இடுக்கில் நீரைத் தேக்கிவைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், அதன் எச்சம் இருக்கும் இடத்தில் வேறெந்த சீலண்டும் ஒட்டாது, ஏன், புதுச் சிலிக்கானே ஒட்டத் தயங்கும். ஆகவே நீங்கள் பூசியதை எல்லாம் பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுக்க வேண்டும். சிலிக்கான் நீக்கி என்றே கடையில் கிடைக்கும். கூரையின் பொருளுக்கு ஒத்துவருமா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். கடைசியாக ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து உலர்த்துங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோல், டர்பன்டைன் போன்றவை படக் கூடாது, ரப்பர் ஊதிக் குமிழிடும்.

மேலே பூசி மூடுவது தற்காலிகம்தான். நிலையான வேலை என்றால் பட்டையைக் கழற்றி, அடியில் இருக்கும் பழைய பசையை எடுத்து, பியூட்டைல் டேப் வைத்து மறுபடி பொருத்துவதுதான். பியூட்டைல் என்பது கெட்டிப்படாத, பிசுபிசுப்பான நாடா. பட்டைக்கும் கூரைக்கும் நடுவில் நசுங்கி, ஒவ்வொரு திருகின் கழுத்தையும் சுற்றிக்கொண்டு, வண்டி அசைந்தாலும் கூடவே அசைந்து கொடுக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் திருகுகளைப் போடுங்கள். ஒரேயடியாக முறுக்காதீர்கள். ஓரத்தில் டேப் மெல்லப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி கால் சுற்று இறுக்குங்கள். முதல் நாள் பிதுங்கியது அடங்கி, இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் வழி விடும். குளிரில் டேப் விறைத்துக்கொண்டு பரவாது, வெயில் நாளில் செய்யுங்கள். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சாய்வாக வெட்டினால் சுத்தமாக வரும்.

அதற்கு மேல் திருகுத் தலைகளையும் இணைப்பையும் மூட, கூரைக்கு ஏற்ற சீலண்ட். சமதளத்தில், தானாகப் பரவிச் சமனாகும் வகை. டைகோர் போன்ற நிறுவனங்கள் ரப்பர் கூரைக்கென்றே இதைச் செய்கின்றன. செங்குத்தான பக்கத்தில் அது வழிந்து இறங்கிவிடும், அங்கே வழியாத வகைதான் வேண்டும். அலுமினிய இணைப்புக்கும் சக்கர வளைவுக்கும் பாலியூரிதேன் நன்றாகப் பிடிக்கும். நீளமான கிழிசலுக்கு எட்டர்னாபாண்ட் மாதிரியான ஒட்டு நாடா நல்லது, ஆனால் ஒட்டிவிட்டால் பெயர்ப்பது பெரும்பாடு. இடத்தை நிச்சயப்படுத்திக்கொண்டு ஒட்டுங்கள்.

உங்கள் கூரை ஒரே அச்சில் வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் கதை வேறு. வெயிலில் அது விரிந்து சுருங்கி, மூலைகளிலும் திறப்பின் ஓரங்களிலும் விரிசல் விடும். விரிசல் முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால்தான் அது மேலே ஓடாமல் நிற்கும். பிறகு ஏபிஎஸ் பசையும் ஃபைபர் கிளாஸ் வலையும் வைத்து ஒட்டி, மேலே வெயில் தாங்கும் பூச்சு. கரைப்பான் கலந்த சில சீலண்டுகள் ஏபிஎஸ்ஸையே அரித்துவிடும், டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் பூசாதீர்கள்.

கூரை வேலையின்போது இரண்டு எச்சரிக்கைகள். அதன் மேல் ஏறி நிற்காதீர்கள், ஏணி போட்டுப் பக்கத்திலிருந்து எட்டியே செய்யுங்கள். உயர்த்திய கூரைக்கு அடியில் முட்டில்லாமல் தலையை நீட்டாதீர்கள். கூரையைத் தாங்குவது வின்ச்சில் (கைப்பிடியால் சுற்றும் உருளையில்) சுற்றிய ஒரு கேபிள்தான், பழைய வண்டியில் அதன் இழைகள் பிரிந்திருக்கும். நான்கு மூலைகளிலும் ஒரே நீளத்துக்கு மரக்கட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்து அளக்கும்போது ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருப்பது தெரிந்தால், அந்தப் பக்கத்துக் கித்தான் தொய்ந்து நீர் தேங்குவதற்கும் விடை கிடைத்துவிடும்.

இனி கதவருகே அமுங்கும் தரை. இதுவும் கூரை நீரால்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த இடத்துக்கு நான்கு வழிகளில் நீர் வரும். விரித்த நிலையில் கதவுச் சட்டத்தோடு கித்தான் சேரும் வெல்க்ரோ பட்டை பிரிந்திருந்தால் மழை அதன் வழியே சட்டத்துக்குப் பின்னால் இறங்கும். வாசற்படியைப் பிடித்திருக்கும் திருகுகளின் துளை இன்னொன்று. பல வண்டிகளில் சக்கர வளைவு கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதன் தகடும் தரைப் பலகையும் சேரும் இடத்தில் சீலண்ட் போயிருந்தால், ஈரச் சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டரும் நீரை உள்ளே அடிக்கும். நான்காவது, கழுவுதொட்டி கதவருகே இருந்தால் அதன் குழாய்.

சக்கரப் பக்கக் கசிவைக் கண்டுபிடிக்க மழைகூட வேண்டாம், மண் சாலையில் கொஞ்ச தூரம் போய்வந்தால் போதும். உள்ளே அலமாரிகளைத் திறந்து, சக்கர வளைவின் விளிம்பையும் மூலைகளையும் பாருங்கள். புழுதி கோடு போட்டு உள்ளே வந்திருக்கும். புழுதி வரும் இடத்தில் நீரும் வரும். இரவில் வண்டிக்கு அடியில் விளக்கு வைத்து உள்ளிருந்து பார்த்தாலும் ஒளிக்கீற்று காட்டிக்கொடுக்கும். அடியிலிருந்து பாலியூரிதேன் பூசி, உள்ளிருந்தும் ஒரு வரி பூசிவிடுங்கள்.

குழாயைச் சோதிப்பது எளிது. 12 வோல்ட் பம்பை இயக்கி, எல்லாக் குழாய்களையும் மூடி, காத்திருங்கள். அழுத்தம் ஏறியதும் பம்பு நிற்கும். யாரும் நீரைத் தொடாமலேயே சிறிது நேரம் கழித்து அது தானாக உறுமினால், அழுத்தம் எங்கோ கசிகிறது. இணைப்பு ஒவ்வொன்றின் கீழும் உலர்ந்த காகிதத்தைச் சுற்றிவைத்தால் எந்த இணைப்பு என்று சொல்லிவிடும். எல்லாம் காய்ந்திருந்தும் பம்பு உறுமினால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து நீர் தொட்டிக்கே திரும்புகிறது என்று பொருள். வெளிக் குழாயை இணைக்கும் வாயிலும் இப்படி ஒரு வால்வு உண்டு. உறைபனி விழும் இடத்தில் நிறுத்தியிருந்தால் அதையும் கழுவுதொட்டிக் குழாயையும் முதலில் பாருங்கள். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், அந்த விரிவை பிளாஸ்டிக் இணைப்பு தாங்காது. தொட்டி நிரம்பி ஓடும்போது காற்றுக்குழாய் வழியே சிந்துவது மட்டும் கோளாறு அல்ல.

நீர் வரும் வழி அடைபட்ட பிறகுதான் தரையைத் தொட வேண்டும். குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட் ஊசியைத் தடுக்கும், இற்றது கேக்கைப் போல விடும். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டுவது நிம்மதி, 20 தாண்டினால் பூஞ்சைக்கு விருந்து. அமுங்கும் இடத்துக்குச் சுற்றிலும் நல்ல மரம் தொடங்கும் வரை குத்திக்கொண்டே போய், பென்சிலால் கோடு போடுங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் கோடு பெரிதாகவே வரும். அந்தத் துண்டை வெட்டியெடுத்து, அடியில் சட்டத்தின் மேல் உட்காரும்படி புதுப் பிளைவுட் வைத்து, இணைப்புக்குக் கீழே ஒரு பட்டை மரம் கொடுத்துத் திருக வேண்டும். புதுப் பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு எபாக்ஸி அல்லது பெயின்ட் ஊட்டாமல் வைத்தால், பலகை நீரைக் குடிப்பது அங்கேதான். விரலால் தள்ளினால் சற்றே மென்மையாக இருக்கும் சிறு இடத்துக்கு ஊடுருவும் எபாக்ஸி போதும். நார் நாராக வரும் மரத்தில் அதை ஊற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

விரித்த நிலையின் கசிவுகள் உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் பழைய வண்டி என்பதால் சுருக்கமாக. படுக்கைத் தட்டின் முனையில் கித்தான் தட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், எலாஸ்டிக் கயிறு தட்டின் அடியில் மாட்ட வேண்டும். கித்தானின் ஓரம் உள்ளே மடங்கிக் கிடந்தால் மழை நேராக மெத்தைக்குத்தான் வழியும். பகலில் உள்ளே நின்று கூரைப் பக்கத் துணியைப் பார்த்தால் ஊசித் துளைகள் நட்சத்திரம் போல் தெரியும், எலி கடித்ததும் அப்படித்தான் அகப்படும். பருத்திக் கித்தான் புதிதாக இருக்கும்போது தையலில் கொஞ்சம் சொட்டும். நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் உப்பித் துளைகளை மூடிக்கொள்ளும், அதை ஓட்டை என்று எண்ண வேண்டாம். மழையில் நனைந்திருக்கும் பருத்தியை உள்ளிருந்து தொட்டுக்கொண்டே தூங்கினாலும் அந்த இடம் கசியும். சோப்புத் தூளால் துவைத்தால் நீர் விலக்கும் பூச்சு போய்விடும். மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும், நன்றாக அலசிக் காயவிட்டு மறுபடி பூச்சுத் தெளிக்க வேண்டும். பிளீச் வேண்டாம், நூலைத் தின்றுவிடும்.

மழை நாளில் ஈரக் கித்தானோடு மடித்து வந்தால் அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் விரித்துக் காயவிடுங்கள். பூஞ்சை தலைகாட்ட அந்த நேரம் போதும். உங்கள் மெத்தையில் நாற்றம் இருந்தால் அதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மெத்தையின் அடி மட்டும் நனையும் கதையைச் சொல்லிவிடுகிறேன். வயது வந்த ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலும் கால் லிட்டருக்கு மேல் நீரை வெளியிடுகிறார். உள்ளே புரொபேன் அடுப்போ, புகைபோக்கி இல்லாத ஹீட்டரோ எரிந்தால், எரியும் ஒவ்வொரு கிலோ வாயுவுக்கும் சுமார் 1.6 கிலோ நீராவி சேரும். அந்த நீராவியில் ஒரு பங்கு மெத்தைக்கு அடியில் இருக்கும் குளிர்ந்த பலகையில் போய் நீராகிறது. இதற்கு சீலண்ட் எதுவும் உதவாது. மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலைப்பாய் போட்டு, எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். ஜன்னல் பிளாஸ்டிக்கின் உட்பக்கமும் காலையில் வியர்த்திருந்தால் இது மழையல்ல என்பது உறுதி.

வண்டியை நிறுத்தும்போது முன்பக்கம் சற்றுத் தாழ்த்தி நிறுத்துவது நல்லது, கூரையில் நீர் குளம் கட்டாமல் வழியும். மேலே போர்த்துவதானால் காற்றுப் போகும் உறைதான். பிளாஸ்டிக் தார்ப்பாய் அடியில் ஆவியைப் பூட்டிவைத்து, காற்றில் அடித்து விளிம்புகளையும் தேய்க்கும்.

வேலையை இப்படி வரிசைப்படுத்துங்கள்: கித்தான் மூலைகளை உள்ளே தள்ளி ஒரு மழை பாருங்கள். நிற்காவிட்டால் கூரையை உயர்த்தி நீர் விடும் சோதனை, அதிலும் தெரியாவிட்டால் காகிதத் துண்டுச் சோதனை, அப்புறம் காற்றுத் திறப்பைக் கழற்றிப் பியூட்டைல் வைப்பது, அதற்குப் பிறகே முன் விளிம்பு. கழற்றும்போது முன் விளிம்பில் மட்டும் மரம் இற்றிருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடலாம். நான்கு பக்கச் சட்டமும் கையோடு வந்தால், செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். முழுக் கூரையையும் புதிதாகக் கட்டும்போது எடை கூடிவிடும், கேபிளும் தூண்களும் அதைத் தூக்குமா என்று வண்டியின் கையேட்டைப் பார்த்தே தொடங்க வேண்டும்.